கிழக்குப் பக்கத்துத் துளை

பாம்புப் பெட்டிகளுக்குச் சூடு பொருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த மூலையில் எவ்வளவு சூடு வேண்டும் என்பதைப் பெட்டியோடு வரும் தாளே சொல்லிவிடும். நான் அதற்குள் போகப்போவதில்லை. முதுகு கைவிட்டதால் மற்றவர்களுக்கு முன்னரே வேலையை விட்டவன் நான். உங்களுக்குத் தர என்னிடம் இருப்பது வெட்கம் மட்டும்தான்.

இந்தத் தொழிலைச் செய்த காலமெல்லாம் நம் ஆட்கள் எவரிடமும் அதன் பெயரை நான் முழுசாகச் சொன்னதில்லை. "ஹீட்டிங் வேலை" என்பேன். பொய்யில்லை. உண்மையின் வால் மட்டும் வெளியே கிடக்கும், தலை புற்றுக்குள் இருக்கும். விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து சுண்டலுக்கு நிற்கும்போது ஊர்க்காரர் ஒருவர் தோளைத் தட்டுவார்.

"தம்பி, எங்கட பொயிலர் ஒரு மாதிரி இரையுது. ஒருக்கா வந்து பாருமன்."

"அது காஸ், அண்ணை. நான் செய்யிறது கரண்ட் ஹீட்டிங்."

"கரண்டில ஆரப்பா வீட்டைச் சூடாக்கிறது?"

"சின்ன இடங்கள்தான் அண்ணை."

"எவ்வளவு சின்ன இடம்?"

கைகளை விரித்துக் காட்டுவேன். அந்த இடைவெளியை அவர் உற்றுப் பார்ப்பார். "என்ன, கோழிக்கூடோ?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்போடுதான் ஆண்டுகள் போயின.

பாம்புக்கென்று சொந்தச் சூடு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வெயிலிலிருந்தும் கல்லிலிருந்தும் அது இரவல் வாங்கி உயிர் வாழ்கிறது. வெயிலே எட்டிப்பார்க்கத் தயங்கும் இந்த ஊரில், ஒரு துண்டு மத்தியானத்தைக் கம்பியில் கட்டிக் கொண்டுவந்து அதன் பெட்டிக்குள் தொங்கவிடுகிறோம். நம் வேலை அவ்வளவுதான். அந்த மத்தியானம் அணைந்துபோனால் வயிற்றுக்குள் போன எலி செரிக்காமல் கிடக்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். ஒருமுறை கக்கினால் மெலியும். விடாமல் கக்கினால் செத்துப்போகும். நான் சொல்லப்போகும் வீட்டில் பாம்பு கக்கியது.

எங்கள் கடை வால்தம்ஸ்டோவில் இருந்தது. நடத்தியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பெயர் வேண்டாம், தன் பெயரைப் பிறர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. எனக்குத் தொழில் கற்றுத் தந்த முதலாளி அவர்தான். ஜெர்மனியில் பீட்சா அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு இங்கே வந்தவன் நான். "சூட்டை அறிந்தவன்தானே, வா" என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் லண்டனின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைவரை எங்கள் பழைய வான் ஓடும்.

மோர்டனில் ஒரு தமிழ் வீடு. யாழ்ப்பாணத்து அம்மா, கணவர் இல்லை. ஒரே மகள். மகள் வளர்த்தது ஒரு ரோயல் பைதன், மலைப்பாம்பில் சின்ன இனம். கருமையும் பொன்னுமாக, தொட்டால் பந்தாய்ச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும் சாதுவான பிராணி. அவள் அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்திருந்தாள். மன்செஸ்டருக்குப் படிக்கப் போகுமுன் நல்ல தெர்மோஸ்டாட் ஒன்று போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கடைக்குச் சொல்லியிருந்தாள். நான் போனேன். கோடை முடியும் காலம், ஒரு வெள்ளிக்கிழமை.

கதவைத் திறந்த அம்மா என்னையும் என் கருவிப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களோ பாம்புக்காரர்?"

"ஹீட்டிங், அக்கா."

"தமிழாக்களும் உந்த வேலைக்கு வாறவையோ?"

இரண்டு பேருக்குமே முகம் ஒருமாதிரியாகிவிட்டது. அவர் குசினிக்குள் போனார், பிறகு வாசலில் வந்து நின்றார்.

"ராகுகாலம் தொடங்கப்போகுது தம்பி. அதுக்கு முதல் முடிச்சிடுங்கோ."

"அம்மா, இது தெர்மோஸ்டாட். கலியாணமில்லை," என்றாள் மகள்.

"நல்லதுக்கும் பாக்கோணும், கெட்டதுக்கும் பாக்கோணும்."

"பிஸ்கட் கெட்டதா?"

அம்மா சுவர் மணிக்கூட்டை விரலால் காட்டினார்.

ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளி என்றால் இதைக் காதில் போட்டிருக்க மாட்டான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். எனக்கும் அந்தக் கணக்கு பாதி நம்பிக்கை, பாதி பழக்கம். பின்பலகையில் துளை போட்டு, பாம்பு படுக்கும் இடத்துக்கு அருகே சூடு பார்க்கும் வயரைப் பதிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு அந்த வயரின் நுனிதான் கண். அது சூடு என்றால் ஹீட்டர் அணையும், குளிர் என்றால் எரியும், கூடவே ஒரு சிவப்பு லைட்டும் எரியும். துளை போட நேரம் போதாது என்று தோன்றியது. பக்கப் பலகையில் காற்றுக்காக ஏற்கெனவே ஒரு வட்டத் துளை இருந்தது. வயரை அதன் வழியே செருகி, நுனியைத் துளைக்குச் சற்று உள்ளே ஒட்டிவிட்டேன். ராகுகாலத்துக்கு முன்னரே வேலை முடிந்தது. மூவருக்கும் திருப்தி. அந்தத் துளை கிழக்குப் பக்கம் இருந்ததை யார் கவனித்தார்கள்?

புறப்படும்போது மகள் அம்மாவுக்குச் சொன்ன கடைசிப் பாடம் இது: "அம்மா, ப்ளீஸ், அவனைச் சாமி ஆக்காதீங்கோ. அவன் வெறும் பாம்பு."

குளிர் வந்தது. ஒரு காலை கடைத் தொலைபேசியை எடுத்தேன்.

"ஹலோ, ஸ்னேக்... ஸ்னேக் வொமிட்டிங்."

"அக்கா, தமிழிலயே சொல்லுங்கோ."

"ஆ, நீங்களோ தம்பி. அவர் சத்தி எடுத்துப்போட்டார்."

"ஆர் அக்கா?"

"அவர்தான். பெட்டிக்குள்ள இருக்கிறவர்."

அது, அவராகிவிட்டிருந்தது. அப்போதே என் காது கூர்ந்திருக்க வேண்டும்.

"எலி முழுசா வெளியில கிடக்குது. எனக்கென்னவோ மச்சம் வேண்டாம் எண்டுறார் போல கிடக்கு. பால் வைச்சுப் பாக்கட்டோ?"

"பாம்பு சைவத்துக்கு மாறாது அக்கா. ஒண்டும் வைக்காதேங்கோ. தெர்மோஸ்டாட்டில சிவப்பு லைட் எரியுதோ?"

"எரியும் போலதான் கிடக்கு." குரல் தயங்கியது. "தம்பி, மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கிட்டவே படியெண்டு சொன்னனான், கோவிச்சுக்கொண்டு போனவள். பின்னேரத்தில போன் எடுத்து, பிஸ்கட் எப்பிடி எண்டு கேப்பாள். சுகம் எண்டுவன். வேற ஒண்டும் நாங்கள் கதைக்கிறேல்லை."

பாம்பைப் பட்டினி போட்டுப் பொறுத்திருக்கச் சொன்னேன். பொறுத்திருந்து, இடுக்கியில் எலியைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊட்டினார். மறுபடியும் கக்கியது. இனி ஒன்று நேர்ந்தால் தாங்காது என்று முதலாளியே என்னோடு கிளம்பினார்.

நாங்கள் போனபோது வீடு துடைத்துவைத்தது போல இருந்தது. முதலாளி முழங்காலிட்டு, பெட்டிக்குள் தன் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சூடு சரி. தெர்மோஸ்டாட் சரி. ஹீட்டர் சரி. பாம்பு மட்டும் சரியில்லை. முதுகெலும்பு கூரை முகடு போல மேலே எழுந்து நின்றது. கையில் எடுத்தபோது சுருளக்கூட அதற்கு மனமில்லை, ஈரத் துணிபோலத் தொங்கியது.

"இரவில் சுவிட்சை அணைத்துவிடுகிறாரா என்று கேள்," என்றார் முதலாளி.

கேட்டேன். "ஐயோ, நான் தொடுறதேயில்லை," என்றார் அம்மா.

"நன்றாகக் கேள். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்."

அப்போதுதான் கண்டேன். பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு முக்காலி. அவசரமாகத் துடைத்த மரத்தில், ஈரத்துக்கு அடியில், ஒரு கரிய வட்டம். வட்டத்துக்குள் எண்ணெயின் மினுக்கம். நல்லெண்ணெய் வாசனை. அதற்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், நான் வயரைச் செருகிய துளை. துளையின் விளிம்பில் புகை படிந்திருந்தது.

ஒரு நொடியில் முழுவதும் விளங்கிவிட்டது. இரவும் பகலும் அணையாத விளக்கு. அதன் சூடு துளைக்குள் ஏறி வயரின் நுனியைத் தடவுகிறது. வெயில் வந்துவிட்டது என்று தெர்மோஸ்டாட் நம்புகிறது, ஹீட்டரை அணைக்கிறது. விளக்கின் சூட்டில் நுனி மட்டும் குளிர்காய, பாம்பு இருட்டில் விறைக்கிறது. ஆள் வருகிறார்கள் என்றதும் விளக்கு ஒளிக்கப்படுகிறது, எல்லாம் சரியாகிவிடுகிறது.

"அது என்ன கறை?" என்றார் முதலாளி.

அம்மா என்னைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, ஆனால் நீட்டிய விரல் எந்த மொழியிலும் விரல்தான். அவர் கண்ணில் ஒரே ஒரு வேண்டுதல். அதைப் பார்த்து நான் இரங்கினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நான் நினைத்தது வேறு. இந்த வெள்ளைக்காரி முன்னால், பாம்புக்கு விளக்கு வைக்கிற கூட்டம் நாங்கள் என்று எப்படிச் சொல்வது? என் முகம் கொதித்தது. "சமையல் எண்ணெய் சிந்தியிருக்கிறது," என்றேன்.

முதலாளி எழுந்தார். பாம்பைக் கடைக்குக் கொண்டுபோய்த் தேற்ற வேண்டும், திரும்ப இங்கே கொடுப்பதா என்று மகளோடுதான் பேச வேண்டும் என்றார். அம்மாவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

"தம்பி, கொண்டுபோனா அவள் என்னோட என்னத்தைக் கதைப்பாள்? என்னத்துக்கு எனக்குப் போன் எடுப்பாள்?"

"என்ன சொல்கிறார்?" என்றார் முதலாளி.

"கவலைப்படுகிறார்," என்றேன். அவ்வளவுதான் மொழிபெயர்த்தேன். ஒரு மனுசியின் வீடு முழுக்க இருந்த ஒரே பேச்சை இரண்டு வார்த்தைக்குள் அமுக்கிப்போட்டேன். பாம்பைத் தலையணை உறைக்குள் இட்டு, குளிருக்காக என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினேன். அம்மா கதவைச் சாத்தவில்லை, நாங்கள் வானில் ஏறும்வரை நின்றார்.

வான் மோர்டனைத் தாண்டி நெரிசலுக்குள் ஊர்ந்தது. என் வயிற்றோடு ஒட்டி அந்தக் குளிர்ந்த உடல் கிடந்தது. என் சூட்டை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு நான் யார் என்பது பொருட்டில்லை. முதலாளி வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: "உயிருள்ளவற்றைச் சிலரிடம் கொடுக்கவே கூடாது."

அந்த ஒரு வசனம் போதும், அந்த அம்மாவின் கதை முடிந்தது. மகளுக்கும் அதேதான் போகும். கஞ்சத்தனத்தில் பாம்பைச் சாகவிடப் பார்த்த தாய். சிவப்பு விளக்கில் வான் நின்றது. என் வயிற்றில் பாம்பு ஒருமுறை அசைந்தது.

"அவர் அணைக்கவில்லை," என்றேன். "விளக்கு வைத்திருக்கிறார். எண்ணெய் விளக்கு. நான் வயரை வைத்த துளைக்குக் கீழே. எங்கள் ஆட்கள் பாம்பை... நாகதம்பிரான் சாமி என்று... அது ஒரு பழக்கம்." என் ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி விழுந்தது. "வயரையும் நான் பிழையான இடத்தில்தான் வைத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நான் காத்திருந்தேன், அவர் சிரிக்கவேயில்லை.

"எப்போது தெரிந்தது?"

"அங்கேயே."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் சிரிப்பீர்கள் என்று."

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "தன் ஆமைக்குத் தினமும் பத்திரிகை வாசித்துக் காட்டுகிற ஒருவர் நம் கடைக்கு வருவார், தெரியும்தானே," என்றார். "வாசித்துவிட்டுப் போகட்டும், ஆமைக்குச் சூடு சரியாக இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தது நீதான்." அடுத்த திருப்பத்தில் வானைத் திருப்பினார்.

இளையவர்களே, கடையில் நான் வாங்கிய திட்டுகள் ஏராளம். மிச்சமெல்லாம் மறந்துபோயிற்று. நம்மவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பதறுகிறோமே, அந்த நினைப்பு பெரும்பாலும் நம் தலைக்குள்தான் முட்டையிட்டிருக்கிறது. ஒரு வீட்டில் எதைப் பார்த்து உங்கள் முகம் சுடுகிறதோ, அதைத்தான் முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அந்தச் சிறிய நேரத்துக்குள் ஒரு மனுசி கஞ்சப்பேர் வாங்கினார், பாம்பு இன்னும் கொஞ்சம் செத்தது.

மணியை அடித்ததும் அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். எங்களைக் கண்டதும் தன் உடம்பால் வழியை மறைத்தார். அவர் தோளுக்கு மேலே, அறைக்குள், அது எரிந்துகொண்டிருந்தது. பாம்பில்லாத பெட்டிக்குப் பக்கத்தில், துடைத்த முக்காலியில், ஒற்றைத் திரி. தெர்மோஸ்டாட்டின் சிவப்பு லைட் அணைந்திருந்தது.

"அக்கா, எனக்கு அப்பவே தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சுகொண்டோ?" அவர் குரலை உயர்த்தவில்லை. "தெரிஞ்சுகொண்டோ நான் கரண்ட் மிச்சம் பிடிக்கிற ஆள் எண்டு அவ நினைக்க விட்டனியள்?"

அம்மா கதவை விட்டு விலகினார். 

முதலாளி என்னைக் கடந்து உள்ளே போய் விளக்கின் முன் குந்தினார். துளையருகே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "நல்ல சூடு," என்றார், ஏதோ பாராட்டுவதுபோல. "விளக்கை அந்தப் பக்கம் வைக்க முடியுமா என்று கேள்."

கேட்டேன்.

"ஏலாது தம்பி. இதுதான் கிழக்கு."

சொன்னேன். முதலாளி யோசித்தார். "கிழக்கை நகர்த்த முடியாது. வயரை நகர்த்து."

ஒரு நாழிகை வேலை. பின்பலகையில் துளை போட்டேன், அன்றைக்குப் போட்டிருக்க வேண்டிய அதே துளை. விளக்கைப் பலகையிலிருந்து தள்ளி ஒரு பித்தளைத் தட்டுக்குள் வைக்கச் சொன்னார் முதலாளி. நெருப்பு நெருப்புத்தான் என்றார். அம்மா உடனே தட்டு எடுத்துவந்தார். வேலை நடக்கும்போது பாம்பை எங்கே வைப்பது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அம்மா கையை நீட்டித் தலையணை உறையை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை அவர் அதைத் தொட்டதேயில்லை என்பது அவர் விரல்கள் இருந்த இருப்பில் தெரிந்தது. முதலாளி வானுக்குப் போனார்.

சிவப்பு லைட் எரிந்தது. அருகே விளக்கும் எரிந்தது. பாம்பை உள்ளே விட்டேன். அது சூட்டைத் தேடி, மூலைக்கு, அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அப்போது தொலைபேசி அடித்தது.

"ஓம் பிள்ளை... ஓம், இருக்கிறான்... கொஞ்சம் சத்தி எடுத்தவன்தான், ஆக்களைக் கூப்பிட்டனான். மெசின் பிழையாம். வந்து திருத்திப்போட்டினம். தம்பியில ஒரு பிழையும் இல்லை."

நிலத்தில் குந்தி ஸ்குரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. என்னைக் காப்பாற்றுகிறார். சற்று முன் நான் காட்டிக்கொடுத்த மனுசி, என்னை மகளிடம் காட்டிக்கொடுக்காமல் மூடுகிறார். வெட்கத்துக்கும் ஒரு சூடு உண்டு. அது அன்றைக்குக் காதுவரை ஏறியது. "இஞ்ச தாங்கோ அக்கா," என்று எழுந்து ரிசீவரை வாங்கினேன். அவர் சம்மதத்தைக் கேட்கவில்லை. அது சரியோ பிழையோ, இன்னும் எனக்குள் ஒரு முடிவு இல்லை.

"தங்கச்சி, மெசின் பிழையில்லை. வயரை நான் பிழையான இடத்தில வைச்சிட்டன். அதுக்குக் கீழ உங்கட அம்மா விளக்கு வைச்சிருக்கிறா. நீங்கள் மன்செஸ்டருக்குப் போன நாளிலிருந்து போல கிடக்கு. ஒருநாளும் அணையவிடேல்லை. அதாலதான் எல்லாம். அவ ஹீட்டரை ஒருக்காலும் நிப்பாட்டேல்லை."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"விளக்கா? பிஸ்கட்டுக்கா?"

"ஓம்."

"நான் சாமி ஆக்காதீங்கோ எண்டு..." அவள் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. "அம்மாட்டக் குடுங்கோ."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒளித்துவைத்த காதல் கடிதத்தை நாலு பேர் முன்னால் வாசித்துவிட்டதுபோல, கழுத்து வரை சிவந்திருந்தார். ரிசீவரை நீட்டினேன், வாங்கவில்லை. நீட்டியபடியே நின்றேன். ரிசீவருக்குள் "அம்மா... அம்மா..." என்று சின்னதாகக் கூப்பிடும் சத்தம். கடைசியில் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கினார். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அம்மா சொன்னது மட்டும் கேட்டது.

"அவனுக்கு மட்டும் வைச்சனான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

நான் கருவிப் பெட்டியை மூடினேன். கொழுவி 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்கும் வெட்கப்பட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.